பல்லை முதலில் சொல்லுங்கள்

ஸ்ப்ரெம்பெர்க் ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் மார்லீஸ் கோசாக்கிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவர்கள். வங்கி மேலாளரின் மகன் ஒருமுறை ரவுண்டானாவின் வாசலில் தயங்கி நின்றுவிட்டான். "என்னடா, அழைப்பிதழ் அடிச்சுக் குடுக்கணுமா? உள்ள போ" என்றாள். அவன் போனான். இன்றுவரை ரவுண்டானாவில் தயங்கியதில்லை. அவளிடம் படித்தவர்கள் பின்னாளில் எங்கேயாவது இடித்துக்கொண்டால் காவல்துறைக்குக்கூடச் சொல்லிவிடுவார்கள். மார்லீஸுக்குத் தெரியாமல் மறைப்பதற்குத்தான் படாதபாடு படுவார்கள்.

அவளுடைய கணவன் எக்கெஹார்டுக்கு, அவள் வாயில் எக்கிக்கு, குரல் உயர்த்தத் தெரியாது. நிலக்கரிச் சுரங்கத்தில் ராட்சத மண்வாரி யந்திரங்களைப் பழுது பார்த்தவன். முதுகு போனதால் சீக்கிரமே ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தான். அவள் மாலையில் வந்து அன்றைய மாணவர்களை ஒவ்வொருவராகக் கிழித்துத் தொங்கவிடுவாள். அவன் வேகவைத்த உருளைக்கிழங்குக்குத் தோலுரித்தபடி, "ம்... ம்..." என்பான். பிறகு இருவரும் தயிர்க்கட்டியில் ஆளிவிதை எண்ணெய் ஊற்றிச் சாப்பிடுவார்கள். இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக இந்த ஏற்பாடு இருவருக்கும் ஒத்துப்போனது.

வெள்ளிக்கிழமை மட்டும் அவள் திட்டுவதில்லை. அன்று சுரங்கத் தொழிலாளர் வாத்தியக் குழுவின் ஒத்திகை. சிறுமியாக இருந்தபோதே அந்தக் குழுவில் சேர்ந்து டிரம்பெட் வாசித்தவள். பத்தொன்பது வயதில் மொபெட்டிலிருந்து விழுந்து மேல்வரிசை முன்பற்கள் போயின. உலோகச் சட்டத்தின் மேல் வெள்ளைப் பூச்சுப் பூசிய பல்வரிசை ஒன்றைக் கட்டினார்கள். புதுப் பல்லோடு உதட்டைப் பழக்கி, பழைய நாதத்தைத் திரும்பக் கொண்டுவர இரண்டு வருடம் ஆயிற்று. டிரம்பெட் ஊதுகிறவருக்கு உதட்டின் பின்னால் இருக்கும் பல்தான் சுவர். அதை ஒரு தடவை இழந்து மீட்டவள் என்பதால் அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

வலிப்பு வந்தது ஒரு மார்ச் மாதப் பிற்பகலில். ஜானின் என்ற பெண் ஓட்டிக்கொண்டிருந்தாள், மார்லீஸ் பக்கத்து இருக்கையில். பாதி வாக்கியத்தில் மார்லீஸின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, வலது கை மடங்கியது. ஜானின் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி ஆம்புலன்ஸை அழைத்தாள். மருத்துவமனையில் நினைவு திரும்பியதும் மார்லீஸ் எக்கியிடம் கேட்ட முதல் கேள்வி:

"ஓரங்கட்டுறதுக்கு முன்னாடி கண்ணாடியைப் பார்த்தாளா அவ?"

மூளையில் கட்டி. கெட்ட வகை. பக்கத்து நகரமான கோட்புஸில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அப்புறம் கதிர்வீச்சு, மாத்திரைகள். ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அதை வாங்கிக்கொண்ட அலுவலகப் பெண்ணும் அவளிடம் கார் கற்றவள்தான்.

"விதி அப்படி இருக்கு, என்னை மன்னிச்சுக்கங்க" என்றாள் அவள், தலை நிமிராமல்.

"விதி எனக்குத் தெரியும். உனக்கு நான்தானே சொல்லிக்குடுத்தேன். தலையைத் தூக்கிப் பேசு."

ஓட்டுநர் பள்ளி மூடப்பட்டது. வாத்தியக் குழு இருந்தது. முடி கொட்டிய தலையில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமைதோறும் போனாள். வருடம் திரும்பியதும் கட்டியும் திரும்பியது. கோட்புஸ் மருத்துவர் தரைவிரிப்பைப் பார்த்தபடி, மறுபடி அறுக்க முடியாத இடம் என்று சொன்னார். எக்கிதான் எங்கெங்கோ விசாரித்து பெர்லினில் ஒரு மருத்துவமனையைக் கண்டுபிடித்தான்.

அங்கே டாக்டர் லோமாயர் என்று ஒருவர். நெட்டையான ஆள், மெல்லிய குரல். அவர் பேசியது மார்லீஸுக்கு உடனே பிடித்துவிட்டது, ஏனென்றால் அது பட்டறைப் பேச்சாக இருந்தது.

"இரும்புப் பொடிதான்" என்றார். "ஆனா கண்ணுக்குத் தெரியற பொடி இல்ல. உங்க தலைமுடி குறுக்களவுல ஆயிரக்கணக்குல அடுக்கலாம், அவ்வளவு சின்னது. ஒவ்வொரு துகளுக்கும் மெல்லிசா ஒரு உறை போட்டு, தண்ணியில கலந்து வெச்சிருக்கோம். மண்டையோட்டுல சின்னத் துளை போட்டு ஊசியால நேரா கட்டிக்குள்ள விடுவோம். அது அங்கயே தங்கிடும்."

"தங்கி?"

"அப்புறம் உங்களை ஒரு காந்த யந்திரத்துக்குள்ள படுக்க வெப்போம். சாதாரண காந்தம் இழுக்கும். இது இழுக்காது, விநாடிக்கு லட்சம் தடவை திசை மாத்தும். அந்தத் துகளெல்லாம் அதோட சேர்ந்து அல்லாடி அல்லாடிச் சூடாகும். கட்டி உள்ளேருந்து வெந்துபோகும். சுத்தியிருக்கற நல்ல மூளைக்கு அந்தச் சூடு அவ்வளவா போகாது. கூடவே கொஞ்சம் கதிர்வீச்சு. சூடுபட்ட கட்டி அதைத் தாங்காது."

"வெல்டிங் மாதிரி" என்றாள் மார்லீஸ். "எங்க வேணுமோ அங்க மட்டும் சூடு. மாத்திரைன்னா விஷத்தை முழுங்கிட்டு, அது யாரைக் கடிக்கப் போகுதுன்னு பார்த்துக்கிட்டுக் கிடக்கணும்."

குணமாகும் என்று அவர் சொல்லவில்லை. சில மாதங்கள் கூடக் கிடைக்கலாம், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் என்றார். இரும்பு உள்ளே போனபின் காந்த ஸ்கேன் எடுக்கவே முடியாது, படத்தில் அந்த இடம் கறுப்பாகத்தான் தெரியும், வேறு வகை ஸ்கேன்களை வைத்துத்தான் கட்டியைக் கவனிக்க வேண்டும் என்பதையும் சொன்னார். அவளும் நோண்டி நோண்டிக் கேட்டாள். பேச்சுக்கிடையில் டிரம்பெட்டைப் பற்றிச் சொன்னாள். அவர் சிரித்து, தானும் சின்ன வயதில் ஊத முயன்று தோற்றதாகச் சொன்னார். நல்ல மனுஷன் என்று ரயிலில் வரும்போது எக்கியிடம் சொன்னாள். மார்லீஸ் ஒருவரை நல்ல மனுஷன் என்று சொல்லி அவன் கேட்டது அபூர்வம்.

துளை போட்டு இரும்பை ஏற்றினார்கள். ஒன்றும் கெடவில்லை. தலையில் தையலோடு இரண்டு நாள் படுத்திருந்தாள். மூன்றாம் நாள் காலை, யந்திரத்தை இயக்கும் ஸில்கே என்ற பெண் அளவு பார்க்க வந்தாள். நெற்றியிலிருந்து கழுத்துவரை அளந்துவிட்டு, ஏதோ பஸ் நேரம் விசாரிப்பது போலக் கேட்டாள்:

"பல் டாக்டர்கிட்ட எப்பப் போறீங்க?"

"எதுக்கு?"

"உலோகத்தையெல்லாம் எடுக்கணுமே. முன்பல்லு, கடவாய்ப்பல்லுல அடைச்சது, எல்லாம். யந்திரத்துக்குள்ள அதுவும் சூடாகும்ல. வாய் வெந்துடும்." அதற்குள் மார்லீஸின் முகத்தைப் பார்த்துவிட்டாள் ஸில்கே. "டாக்டர் சொல்லலியா?"

மார்லீஸ் போர்வையை விலக்கினாள். மெதுவாக, தெளிவாக, "அவரைக் கூப்பிடு" என்றாள்.

லோமாயர் வந்தார். எக்கி ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தான். மார்லீஸ் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"என் பல்லு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அவர் மழுப்பவில்லை. "முதல் தடவை நீங்க கொண்டுவந்த ஸ்கேன்லயே பார்த்தேன்."

"நான் டிரம்பெட் வாசிக்கிறது?"

"அதையும் நீங்க அன்னைக்கே சொன்னீங்க."

"ரெண்டும் தெரிஞ்சும் வாயைத் திறக்கல."

"கோசாக் அம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. போன வருஷம் ரெண்டு பேர்கிட்ட முதல்லயே பல்லைப் பத்திச் சொன்னேன். ரெண்டு பேரும் யோசிச்சுச் சொல்றேன்னு வீட்டுக்குப் போனாங்க, திரும்பி வரவே இல்ல. பல்லுதானே, அப்புறம் கட்டிக்கலாம். முதல்ல உயிரைப் பார்க்கலாம்னு..."

"யாரு பார்க்கலாம்னு?"

எக்கி மெல்ல எழுந்தான். "மார்லீஸ், டாக்டர் உன் நல்லதுக்குத்தான்..."

"எக்கி, நீ போய்க் காபி குடி."

"எனக்குக் காபி வேணாம்."

"அப்ப வேணாததைக் குடி. போ."

அவன் போனான். கதவு சாத்தியதும் அவள் குரலைத் தாழ்த்தினாள். அவளிடம் படித்த யாராவது அங்கே இருந்திருந்தால் நடுங்கியிருப்பார்கள். அவள் குரல் தாழ்ந்தால்தான் விபரீதம்.

"இப்ப இரும்பு உள்ள இருக்கு. வெளிய எடுக்க முடியுமா?"

"முடியாது."

"அதாவது ஆட்டைக் கட்டிப் போட்டுட்டு அப்புறமா கத்தியைக் காட்டுறீங்க."

"இது கத்தி இல்ல, வைத்தியம்."

"சரி. எனக்கு ஒரு வாரம் குடுங்க. ஊருக்குப் போய் ஒரே ஒரு தடவை வாசிச்சுட்டு வந்து பல்லைப் பிடுங்கிக்கிறேன்."

லோமாயர் தலையை ஆட்டினார். அப்போதுதான் முதன்முறையாக அவர் முகத்தில் கூச்சம் தெரிந்தது. "இந்தத் தையலோட ஊதக்கூடாது. தலைக்குள்ள அழுத்தம் ஏறும். ரத்தம் கசியலாம். வாரக்கணக்கா காத்திருந்துட்டு யந்திரத்தை ஆரம்பிக்கவும் முடியாது, கட்டி நிக்காது."

அவளுக்குக் காதில் விழுந்தது மெதுவாகத்தான் உறைத்தது. கடைசியாக வாசித்தது எப்போது என்று நினைத்துப் பார்த்தாள். தோட்டக்காரர் சங்கத்தின் ஆண்டுவிழா. மழை வரும்போல இருந்தது. நடுவில் ஒரு சுரம் பிசகியதுகூட அவளுக்குக் கவலையாக இல்லை, பக்கத்துக் கடையில் வாட்டிக்கொண்டிருந்த சாஸேஜின் மேல்தான் கண். அரைமனதாக ஊதிவிட்டு, கருவியைச் சரியாகத் துடைக்கக்கூட இல்லாமல் பெட்டியில் போட்டு மூடினாள். அதுதான் கடைசி. நாற்பது வருட வாசிப்பின் கடைசிச் சுரத்தை அவள் சாஸேஜைப் பார்த்துக்கொண்டே ஊதியிருக்கிறாள்.

"கடைசின்னு தெரிஞ்சிருந்தா ஒழுங்கா வாசிச்சிருப்பேன்" என்றாள். "பல்லு போறதுகூடப் பெருசில்ல. இதை எடுத்துட்டீங்க எங்கிட்டருந்து. புரியுதா உங்களுக்கு?"

"புரியுது" என்றார் அவர்.

"புரியல. வெளிய போங்க."

மறுநாளே ஊருக்குத் திரும்பினார்கள். பல் மருத்துவர் நோவாக், மார்லீஸுக்குப் பள்ளித் தோழி. உலோகத்தை மட்டும் கழற்றிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தாள். ஆனால் பழைய சட்டத்தைத் தாங்கியிருந்த வேர்ப்பற்களுக்குள் உலோக ஆணிகள் இறங்கியிருந்தன. ஆணியை இழுக்கையில் வேர்களும் பிளந்தன. மேல்வரிசையில் முன்பக்கம் முழுவதும் காலியாயிற்று. மரத்துப்போன வாயோடு மார்லீஸ் திட்டத்தான் செய்தாள், ஒரு வார்த்தையும் சொல்லாக வெளியே வரவில்லை. நோவாக் கையிலிருந்த குறடோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"யாரைத் திட்டுற? என்னையா?"

மார்லீஸ் இல்லையென்று கையை ஆட்டி, வடக்கே, பெர்லின் பக்கம் விரலை நீட்டினாள்.

யந்திரத்தில் வாரத்துக்கு இரண்டு முறை படுத்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம். மெல்லிய கண்ணாடி இழை ஒன்று தலைக்குள் போய், சூடு எவ்வளவு என்று ஸில்கேயின் திரையில் காட்டிக்கொண்டிருக்கும். மார்லீஸுக்கு நெற்றி வியர்த்தது, காதுகள் சிவந்தன. மண்டைக்குள் ஒரு பக்கம் மட்டும் வெயில் அடிப்பது போல இருந்தது. ஸில்கே ஒலிபெருக்கியில் கேட்பாள்:

"எப்படி இருக்கு?"

"அடுப்புல வெச்சுட்டு எப்படி இருக்குன்னு கேக்குறியே."

"தாங்க முடியலன்னா அந்த ரப்பர் பந்தை அமுக்குங்க."

"உன் டாக்டரோட கழுத்தைக் குடு, அமுக்குறேன்."

ஸில்கே சிரித்துவிடுவாள். அவள்மேல் மார்லீஸுக்குக் கோபமில்லை. உண்மையை முதலில் சொன்னவள் அவள்தான், தவறிச் சொன்னாலும்.

சிகிச்சை முடிந்து கோடைக்காலம் வந்தது. வேறு வகை ஸ்கேனில் கட்டி வளராமல் அப்படியே நிற்பது தெரிந்தது. அடுத்ததிலும் அப்படியே. ஊரில் எல்லோரும் வாழ்த்தினார்கள். ரொட்டிக்கடையில், மருந்துக்கடையில், தெருவில், "எவ்வளவு அதிர்ஷ்டம், சந்தோஷமா இருக்கணும் நீ" என்றார்கள். அவள் சொன்னவர்களையெல்லாம் முறைத்தாள்.

பிளாஸ்டிக் பல்செட் வந்தது. மருத்துவர்கள் இனி ஊதலாம் என்று அனுமதித்ததும், எக்கி கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து டிரம்பெட்டை எடுத்தாள். ஊதுவாயை உதட்டில் வைத்து அழுத்தினாள். பல்செட் பின்னால் சாய்ந்தது. காற்று பக்கவாட்டில் புஸ்ஸென்று போனது. பசை போட்டு ஒட்டிப் பார்த்தாள், பல்செட்டைக் கழற்றிவிட்டு வெறும் ஈறோடும் பார்த்தாள். ரத்தம்தான் வந்தது. பத்தொன்பது வயதில் இரண்டு வருடம் இருந்தது கையில். இப்போது இரண்டு வருடம் என்பதை யாரிடம் போய்க் கேட்பது?

குழுவின் தலைவர் டீட்மர் ரொட்டிக்கடைக்காரர். ஒரு நாள் பிளம் கேக்கோடு வீட்டுக்கு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தார்.

"மார்லீஸ், நாங்க எல்லாரும் பேசினோம். நீ இல்லாம ஒத்திகை ஒத்திகையாவே இல்ல. பெரிய டிரம் இருக்கு. அதை வந்து அடிக்கலாமே நீ."

"டீட்மர், உன் ரெண்டு கையையும் எடுத்துட்டாங்கன்னு வெச்சுக்க. நான் வந்து, 'பரவால்ல, கடை வாசல்ல நின்னு வர்றவங்களுக்கு வணக்கம் சொல்லு'ன்னா எப்படி இருக்கும்?"

"நான் நல்ல எண்ணத்துலதான்..."

"எல்லாரும் நல்ல எண்ணத்துலதான் வர்றீங்க. கெட்ட எண்ணத்தோட ஒருத்தன் வந்தா நிம்மதியா சண்டை போடலாம்."

அவர் போனபிறகு எக்கி கேக்கை நறுக்கினான். அவளுக்கும் ஒரு துண்டு வைத்தான். "ஆனா உயிரோட இருக்க, மார்லீஸ்" என்றான். அதற்கு அவள் தட்டை நகர்த்திவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். அவனுக்கு அன்று முதன்முறையாகக் கோபம் வந்தது. பின்னாலேயே போனான்.

"எனக்கு உன் டிரம்பெட் வேணாம். நீ வேணும். இதைச் சொன்னா அதுக்கும் திட்டுவியா?"

"திட்டமாட்டேன்" என்றாள் அவள், களையைப் பிடுங்கியபடி. "ஆனா அது நீ சொல்லவேண்டிய வார்த்தை. டாக்டர் எனக்குப் பதிலா முடிவு பண்ற வார்த்தை இல்ல."

அக்டோபரில் பெர்லினிலிருந்து அழைப்பு வந்தது. புதிய நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் இந்தச் சிகிச்சையை விளக்க ஒரு கூட்டம் வைக்கிறார்கள், நன்றாக இருப்பவர்களில் ஒருவராக மார்லீஸ் வந்து நாலு வார்த்தை பேச முடியுமா என்று லோமாயரே கேட்டார்.

"வர்றேன்" என்றாள்.

எக்கி அவளை ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் இவ்வளவு சீக்கிரம் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை.

மதிய வேளை, விரிவுரைக் கூடம். கம்பளித் தொப்பிகளும் தலைத்துணிகளுமாக முப்பது நாற்பது பேர், பக்கத்தில் கையைப் பிடித்தபடி கணவன்மார், மனைவிமார், பிள்ளைகள். லோமாயர் படம் போட்டுக் காட்டினார். நன்றாகத்தான் பேசினார். யாரையும் ஏமாற்றும் பேச்சு இல்லை. எத்தனை மாதம் கிடைக்கலாம், யாருக்குப் பலிக்கவில்லை என்பதெல்லாம் இருந்தது. பல் இல்லை. மார்லீஸ் கடைசிவரை காத்திருந்தாள். பல் வரவேயில்லை. அப்புறம் அவர் அவளை அறிமுகப்படுத்தினார்.

அவள் மேடைக்குப் போனாள். ஒலிவாங்கியை விலக்கினாள். கூடத்தைப் பார்த்து வாயைத் திறந்து மேல் பல்செட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"இதை அவரு சொல்லல" என்றாள். பல்லில்லாத வாயில் வார்த்தைகள் நசுங்கின, ஆனால் கடைசி வரிசைவரை கேட்டன. "உங்க வாயில உலோகம் இருந்தா அவ்வளவும் போகணும். தங்கம், வெள்ளி, ஆணி, எல்லாம். பாதிப் பேருக்குப் பல்லும் சேர்ந்து போகும். இரும்பை ஏத்தினப்புறம்தான் உங்களுக்கு அது தெரியவரும். முதல்ல சொன்னா நீங்க ஓடிடுவீங்களாம். நான் ஓடியிருக்க மாட்டேன். ஆனா ஓடலாமா வேணாமான்னு என்னைத்தான் கேட்டிருக்கணும்."

லோமாயர் ஒரு அடி முன்னால் வந்தார். "கோசாக் அம்மா சொல்றது ஒரு விதத்துல..."

"ஒரு விதத்துல இல்ல. உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அவள் பல்செட்டை மாட்டிக்கொண்டு, டிரம்பெட்டைப் பற்றியும் தோட்டக்காரர் விழாவைப் பற்றியும் சொன்னாள். சாஸேஜைப் பற்றியும் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் வரிசையில் தடித்த மீசைக்காரர் ஒருவர் கையைத் தூக்கினார்.

"எல்லாம் தெரிஞ்சிருந்தா, மறுபடியும் செஞ்சுக்குவீங்களா?"

"செஞ்சுக்குவேன்" என்றாள். "ஒரு வெள்ளிக்கிழமை கழிச்சு. அதான் கோபமே."

கூட்டம் கலைந்தபின் நடைபாதையில் லோமாயர் அவளை மறித்தார். மெல்லிய குரல் மெல்லியதாக இல்லை.

"திருப்தியா? இன்னைக்கு வந்ததுல நாலு பேர் பயந்து போய்டுவாங்க. அவங்களுக்கு வேற வழி கிடையாது. உங்க கோபத்துக்கு அவங்க உயிரைக் குடுக்கப் போறாங்க. அதைத் தூக்கிக்கிட்டுப் போவீங்களா ஊருக்கு?"

அந்தக் கேள்வி மார்லீஸை உண்மையாகவே குத்தியது. சுவரில் சாய்ந்து நின்றாள்.

"தூக்கிக்கிட்டுப் போறேன்" என்றாள் கடைசியில். "கனமாத்தான் இருக்கும். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. எங்கிட்டப் படிச்சவன் எவனையும் நெடுஞ்சாலையில ஏத்திவிட்டுட்டு, இதுல நிறுத்த முடியாதுன்னு சொன்னதில்ல நான். பயந்தவன் பயந்துட்டு இறங்கிப் போவான். அடுத்த மாசம் வருவான், வராமலும் போவான். பல்லை முதல்ல சொல்லுங்க. அப்புறம் உங்க படத்தைப் போடுங்க. அவங்க ஓடாம இருக்கற மாதிரிப் பேசுங்க. அது உங்க வேலை, மறைக்கறது இல்ல."

எக்கி அவள் மேலங்கியை வைத்துக்கொண்டு தள்ளி நின்றிருந்தான். டாக்டரிடம் தலையசைத்துவிட்டு அவளை அழைத்துப்போனான். ரயில் லூபெனாவ் ஊரைத் தாண்டியதும், "அவரைக் கொஞ்சம் அதிகமா சொல்லிட்டியோ?" என்றான். "கொஞ்சம் கம்மி" என்றாள்.

டிசம்பரில் மாக்டெபுர்கிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். லோமாயர்தான் எண்ணைக் கொடுத்தாராம். முதல் சந்திப்பிலேயே, நாற்காலியில் உட்கார்ந்தவுடன், பல்லைப் பற்றிச் சொல்லிவிட்டு, "ஸ்ப்ரெம்பெர்க்ல ஒரு அம்மா இருக்காங்க, திட்டுவாங்க, ஆனா உள்ளதைச் சொல்லுவாங்க" என்றாராம். மார்லீஸ் ஃபோனில் இருந்தது வெகுநேரம். எதைக் கடிக்க முடியாது, எந்தப் பசை நிற்காது, யந்திரத்துக்குள் மூக்கு அரித்தால் என்ன செய்வது என்று எல்லாம் சொன்னாள். ஃபோனை வைத்ததும், "என் எண்ணைக் குடுக்க இவனுக்கு யாரு அனுமதி குடுத்தது?" என்று கத்தினாள். எக்கி அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

பிறகு வேறு சிலரும் அழைத்தார்கள். டெஸாவிலிருந்து ஒருவர், கல்யாணங்களில் கிளாரினெட் வாசிப்பவர். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப எனக்கு வேணாம், அம்மா. இருக்கற வரைக்கும் வாசிச்சுக்கறேன். நன்றி" என்றார்.

மார்லீஸ் ஃபோனை வைத்துவிட்டு மேஜையை ஓங்கி அடித்தாள்.

"மடையன். கோடைக்குள்ள செத்துடுவான்."

"அப்ப ஏன் அவரைத் தடுக்கல நீ?"

"எப்படித் தடுக்கறது? அவன் வாய். அவன் உயிர்." உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. "கேட்டவுடனே, பொய் சொல்லிடலாமான்னு இருந்துச்சு எக்கி. பல்லெல்லாம் ஒண்ணுமில்ல, போய்ப் படுத்துக்கன்னு. நாக்கு வரைக்கும் வந்துச்சு."

"சொல்லலியே."

"சொல்லல." அடித்த கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, "அந்த நெட்டையன் மேல இருந்த கோபம் குறையும்னு நினைக்காத" என்றாள். "ஒரு துளி குறையல. ஆனா அவனுக்கும் நாக்கு வரைக்கும் வந்திருக்கும்."

பிப்ரவரியில் அவளுக்கு இடது காலில் செருப்பு நிற்காமல் கழன்றது. ஸ்கேன் எடுத்தார்கள். வேகவைத்த பக்கம் அப்படியே இருந்தது. மறுபக்கத்தில் புதிதாக ஒன்று வளர்ந்திருந்தது, அங்கே துளை போடவும் முடியாது. லோமாயர் தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரிக்கவில்லை, வானிலை பேசவில்லை.

"திரும்ப வந்துடுச்சு. என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

"சரி" என்றாள் அவள். "இப்பத்தான் உருப்படியா பேசக் கத்துக்கிட்டீங்க."

அவர் ஏதோ சொல்ல வந்தார். அவள் ஃபோனை எக்கியிடம் கொடுத்துவிட்டாள்.

வலியைக் கவனிக்க வீட்டுக்கு ஒரு செவிலி வர ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் கிசுகிசுவென்று சொல்லும் பழக்கம் அவளுக்கு. மார்லீஸ் அவளிடம், "நான் இன்னும் போகல, சத்தமாப் பேசு" என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். டீட்மர் வந்தார். அவர் கொண்டுவந்த கேக்கை மார்லீஸ் சாப்பிட்டாள், டிரம்மைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. நோவாக் வந்தாள், ஸில்கேகூட ஒரு சனிக்கிழமை பெர்லினிலிருந்து வந்து கட்டிலருகே உட்கார்ந்துவிட்டுப் போனாள். வந்தவர்களில் யாராவது, நீ போராடிய விதம் என்று ஆரம்பித்தால் மார்லீஸ் கண்ணை மூடிக்கொள்வாள்.

மே மாதம் ஒரு முற்பகல். பேச்சு ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. எக்கி ஜன்னலைத் திறந்து வைத்து அவள் தலையணையைச் சற்று உயர்த்தினான். செவிலி அப்போதுதான் வந்து, பையை இறக்கி வைத்து, கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மார்லீஸ் ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்ததும் எக்கி குனிந்து காதைக் கொடுத்தான்.

"என்ன சொல்றாங்க?" என்று செவிலி கேட்டாள், எப்போதும்போலக் கிசுகிசுப்பாக.

எக்கி நிமிர்ந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பக்கத்து வீட்டு வாசலை அடைச்சுக் காரை நிறுத்தியிருக்கீங்களாம். எவன் உங்களுக்கு லைசென்ஸ் குடுத்தான்னு கேக்குறா."

அந்தப் பெண் ஈரக் கையோடு இறங்கிப் போய், காரை நகர்த்தி நிறுத்திவிட்டு வந்தாள்.